இருபத்தெட்டுத் தவறான விடைகள்

நான் வகுப்புக்குள் நுழையும்போது இங்கே யாரும் எழுந்து நிற்பதில்லை. இங்கிலாந்தின் வடக்கே, மழையும் செம்மறியாடுகளும் தவிர வேறெதுவும் தாராளமாகக் கிடைக்காத ஒரு சிற்றூரில் கணக்கு வாத்தியாராக வந்து மூன்று வருடம் ஆகிறது. இன்னமும் கதவைத் திறந்ததும் என் கை தானாக உயர்ந்து, எழுந்திருக்காத பிள்ளைகளை உட்காரச் சொல்கிறது. முதல் மாதம் சிரித்தார்கள். இப்போது அவர்களுக்கும் பழகிவிட்டது. ஊரில் இருக்கும் நண்பர்களுக்கும், என்னைப் போலப் பிழைக்கப் போன தேசங்களில் பாடம் நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் பார்த்த ஒரு நல்ல வகுப்பைப் பற்றி யாரிடமாவது சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே வருவதற்கு முன் எட்டு வருடம் திருமழிசைப் பக்கம் நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன். தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள், ஒரு வகுப்புக்கு நாற்பது பேருக்குக் குறையாமல். என்னோடு ஒரே நாளில் அங்கே சேர்ந்தவன் டில்லிபாபு; எனக்கு டில்லி. அவனும் கணக்கு. அவன் வீட்டில் முதல் பட்டதாரி. அவனுடைய அப்பா பக்கத்துக் கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். அதிகாரி யாராவது வகுப்பைப் பார்க்க வருகிறார் என்றால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். கேள்வி கேட்டதும் எல்லாரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வலது கையாகப் பார்த்து எழுப்பினால் போதும். நாற்பது கையும் மேலே, எழுந்தவன் சொல்வதெல்லாம் சரி. வந்தவருக்கும் சந்தோஷம், எங்களுக்கும் சந்தோஷம். அதைப் பொய் என்று நாங்கள் ஒரு நாளும் நினைத்ததில்லை. கல்யாண வீட்டில் வாசலைக் கூட்டிக் கோலம் போடுவது மாதிரிதான் நினைத்தோம்.

அதே புத்தியோடுதான் இங்கே வந்து சேர்ந்தேன். இரண்டாவது வாரம் தலைமை ஆசிரியை என் வகுப்பின் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். பாடத்தை முடித்துவிட்டுப் புரிந்ததா என்று கேட்டேன். "யெஸ் சார்" என்று ஒரே குரலில் வந்து விழும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் மட்டும், உட்கார்ந்தபடியே, அவ்வளவாக இல்லை என்றாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வகுப்பு முடிந்ததும் தலைமை ஆசிரியை அவள் சொன்னது ரொம்ப உபயோகமானது என்றார். குத்திக்காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் வேலைநீக்கக் கடிதத்தை எதிர்பார்த்தேன். கடிதத்துக்குப் பதில் ஒரு பெட்டி நிறையக் கைப்பலகைகள் வந்தன. இங்கே எல்லா வகுப்பிலும் அது உண்டு. சிலேட்டு அளவில் வெள்ளைப் பலகை. கேள்வி கேட்டதும் ஒவ்வொரு பிள்ளையும் அதில் விடை எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். யாருக்குத் தெரியவில்லை, எந்த இடத்தில் தடுக்குகிறது என்று ஒரு நொடியில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அங்கிருந்து பாடத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இரண்டு வருடத்தில் எனக்கு அது கைவந்த கலையாகிவிட்டது. ஊருக்குப் போனால் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணமும் வந்துவிட்டது.

போன பிப்ரவரியில் பத்து நாள் ஊருக்கு வந்தேன். ஊர் என்றால் ஆவடி. அப்பா தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற அன்றே குவார்ட்டர்ஸைக் காலி செய்தாயிற்று. அம்மாவும் அப்பாவும் பெங்களூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள். அதனால் நான் தங்குவது ஆவடியிலேயே இருக்கும் டில்லிபாபு வீட்டில். அவனுக்கு அப்போது ஒரே யோசனை. பதினோரு வருடமாக ஒன்பதாம் வகுப்போடு நிற்கிறான். பத்தாம் வகுப்புக் கணக்கு சார் ஓய்வுபெறுகிறார். அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டன்ட் வகுப்பு வகுப்பாக வந்து பார்க்கப்போகிறார். பத்தாம் வகுப்பு சார் என்றால் எங்கள் பக்கம் தெருவில் நடந்து போகும்போதே அந்த மரியாதை தெரியும். டில்லிக்கு அது வேண்டும். அதற்கான தகுதியும் அவனுக்கு இருந்தது.

பலகைகளைப் பற்றிச் சொன்னேன். இடது கை, வலது கை எல்லாம் வேண்டாம், உண்மையான வகுப்பைக் காட்டு என்றேன். அவன் சிரித்தான்.

"உங்க ஊர்ல தெரியலன்னா பசங்களுக்குத் தெரியலன்னு அர்த்தம் மச்சான். இங்க தெரியலன்னா வாத்தியாருக்கு ஒண்ணும் தெரியலன்னு அர்த்தம். மறந்துட்டியா?"

நான் விடவில்லை. அரைகுறையாக வெளிநாடு பார்த்தவனுக்கு வாய் நீளம். கடைசியில் அவன் ஒத்துக்கொண்டது என் பேச்சால் இல்லை. ஷாலினி என்று ஒரு பெண்ணாம், வருடம் முழுக்க, யார் வகுப்பைப் பார்க்க வந்தாலும், இடது கையையே தூக்கிக்கொண்டிருந்தாளாம். "எனக்கே பாக்க கஷ்டமா கீது" என்றான். பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி, மேலே பிளாஸ்டிக் உறை மாட்டி, நாற்பத்திரண்டு பலகை செய்தோம்.

பழைய ஆசிரியன் என்ற சலுகையில் நானும் அந்த வகுப்பின் பின்னால் நின்றேன். கரஸ்பாண்டன்ட் எனக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டில்லி கரும்பலகையில் மைனஸ் ஐந்து என்று எழுதி, அதிலிருந்து மைனஸ் எட்டைக் கழிக்கச் சொன்னான். நாற்பத்திரண்டு அட்டைகளும் மேலே எழுந்தன. பதினான்கில் மூன்று என்று இருந்தது. மற்ற இருபத்தெட்டிலும் தவறு. பெரும்பாலும் மைனஸ் பதின்மூன்று. பிள்ளைகள் பயப்படாமல் எழுதியிருந்தார்கள். எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. கரஸ்பாண்டன்ட் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"உங்க ஃபாரின் முறை நல்லாத்தாங்க இருக்கு. வருஷம் பூரா சார் என்ன நடத்தினார்னு இப்பதான் எனக்குத் தெரியுது."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். டில்லிக்கும் கேட்டது. அவர் வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. டில்லி புது சாக்பீஸ் ஒன்றை எடுத்தான். பிறகு பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளச் சொன்னான். தரையில் நீளமாகக் கோடு இழுத்து, நடுவில் பூஜ்யம் போட்டு, இரண்டு பக்கமும் எண்களை எழுதினான். ஷாலினியைக் கூப்பிட்டு மைனஸ் ஐந்தில் நிற்கவைத்தான். கழித்தல் என்றால் மைனஸ் பக்கமாகத் திரும்பு. மைனஸ் எட்டு என்றால் அப்படியே பின்பக்கமாக எட்டு அடி வை. அந்தப் பெண் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். வகுப்பே சிரித்துக்கொண்டு எண்ணியது. எட்டாவது அடியில் குனிந்து காலடியைப் பார்த்தாள். மூன்று. இரண்டாம் முறை வேறு கணக்குக் கொடுத்து அட்டையைத் தூக்கச் சொன்னபோது ஆறு பேர்தான் தவறு. அந்த ஆறு பேரையும் கோட்டில் நடக்கவைத்தான். பாடம் நடத்துவது என்றால் என்ன என்று பெரிய அரங்குகளில் பெரிய திரை போட்டு எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இதற்கு ஈடான ஒன்றை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டியவர் அலுவலக அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் பைக்கில் ஆவடிக்குத் திரும்பும்போது நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "வுடு மச்சான். ஷாலினி போட்டுச்சு, பாத்தியா?" என்றான். திட்டியிருந்தால் தேவலை. வருத்தப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் வருத்தம் வரவில்லை. மரத்துப்போன காலில் நிற்பது போல இருந்தது. விமானத்திலும் அப்படியே, இங்கே வந்து வகுப்பெடுத்தபோதும் அப்படியே. மார்ச் மாதம் தலைமை ஆசிரியை மறுபடி என் வகுப்புக்கு வந்தார். பலகைகளில் பாதிக்குமேல் தவறு. எவ்வளவு நேர்மையான வகுப்பு என்று பாராட்டினார். நன்றி சொன்னேன். எதுவும் உள்ளே இறங்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தபோது பத்தாம் வகுப்பு வேறொருவருக்குப் போனது. டில்லியை ஆறாம் வகுப்புக்கு இறக்கினார்கள். ஒரு மாதம் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "அங்க கணக்குக்கு ஆள் எடுக்கறாங்களா மச்சான்?" என்று கேட்டான். ஊரை விட்டு ஓடிவந்தவன் என்று என்னை எட்டு ஊருக்குக் கேட்கக் கிண்டல் செய்தவன் அவன்.

எங்கள் பள்ளியிலேயே ஓர் இடம் காலியாக இருந்தது. விண்ணப்பித்தான். அவனுக்காகப் பரிந்துரைப் படிவம் நிரப்ப வேண்டியவன் நான். இவர் பாடம் நடத்துவதை நேரில் பார்த்திருக்கிறீர்களா, விவரிக்கவும் என்று அதில் ஒரு கேள்வி. இருபத்தெட்டுத் தவறான விடைகளையும், தரையில் இழுத்த கோட்டையும் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. அங்கே அவனை ஆறாம் வகுப்புக்கு இறக்கக் காரணமான அதே பாடம்தான். படித்துவிட்டுத் தலைமை ஆசிரியை இவரை விடக்கூடாது என்றார்.

நேற்று வேலை உறுதியாகிவிட்டது. டில்லி போனில் கூப்பிட்டான்; ஆவடி வீட்டைக் காலி செய்துவிட்டுக் குடும்பத்தோடு வருகிறானாம். "உங்க பக்கத்துலயே ஒரு ஊடு பாத்து வையி மச்சான்" என்றான். இன்று பள்ளி விட்டதும் மழையில் இரண்டு தெரு அலைந்து ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஆவடியில் எனக்குப் போய்த் தங்க இருந்தது அவன் வீடு ஒன்றுதான்.