கடல் அறியாமல் எழுதிய கடல் நாடகம்

கடற்கரைக் கிராமம் ஒன்றின் ஒரு நாளைக் கவிதை நடையில் வானொலி நாடகமாக எழுதியிருந்தேன். கோயம்புத்தூரிலேயே வளர்ந்த நான் கடலைப் பார்த்தது இரண்டே முறைதான். எங்காவது தவறாக எழுதியிருப்பேனோ என்ற பயத்தில், ஒத்திகை நடக்கும்போது என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

மீனவர் மனைவியாக நடிக்க வந்த பெண்மணி கடலோரத்தில் பிறந்து, சூலூருக்கு வாக்கப்பட்டு வந்தவர். ‘கடலே, என் கணவனைத் திருப்பிக் கொடு’ என்ற வரியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, கடல்கிட்ட யாரும் இப்படிப் பேச மாட்டாங்க. எங்கப்பா வர நேரமாச்சுன்னா எங்கம்மா சோத்துப் பானைய எறக்குவாங்க, மறுபடியும் ஏத்துவாங்க. வாசலுக்கு ஓடிப் பாத்துப்போட்டு வந்து திரும்பவும் எறக்குவாங்க. வாயே தொறக்க மாட்டாங்க.”

“அப்பா வந்துட்டாருங்களா?”

“எல்லா நாளும் வந்தாருங்க. எங்கம்மாவுக்குத்தான் ஒரு நாளும் பழகலீங்க.”

எனக்கு முகம் சுட்டது. இயக்குநரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, நடைபாதையில் நின்றபடியே ஒரு பக்கக் கவிதையை அடித்து நீக்கினேன். பானையை இறக்கி ஏற்றும் ஓசை மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒலிபரப்பான அன்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்டோம். மூன்றாவது முறை பானை இறங்கியபோது என் கணவர் இட்டிலியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“ஏன் அம்மணி, அந்தாளு வந்தானா இல்லியா?” என்றார் பதற்றத்தோடு.

“கேளுங்க” என்றேன்.