திருநீற்றுக்கு ஆகாத பக்கங்கள்

மைதாப் பசை காய்ச்சும் வாசனை. புத்தகம் தைக்கும் கடை ஒன்றைக் கடந்து போகையில் வந்து மூக்கில் ஏறிக்கொண்டது. நின்றுவிட்டேன். ஐம்பதை நெருங்குகிற ஒருத்தி நடுத்தெருவில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றால் யாராயிருந்தாலும் கேட்கத்தான் செய்வார்கள். "என்னம்மா வேணும்?" என்றார் கடைக்காரர். எனக்கு வேண்டியது ஒரு பக்கம். பழனி அடிவாரத்தில், ஐம்பதுகளின் கடைசியில், திருநீற்றுப் பொட்டலமாகி யாரோ ஒரு பக்தரின் மடியில் ஏறிப் போய்விட்ட பக்கம். அதை அவரிடம் எப்படிக் கேட்பது?

அப்பாவுக்கு அடிவாரத்தில் கடை. திருநீறு, குங்குமம், சந்தன வில்லை. பொட்டலத்துக்கான காகிதப் பைகளை வீட்டுக் கூடத்தில்தான் ஒட்டுவோம். பழைய வாரப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வரும். தையலைப் பிரித்து, தாள்தாளாக உதறி, ஒவ்வொன்றையும் எட்டாக வெட்டி அக்கா ஒட்டுவாள். சாமி படம் போட்ட தாள் ஆகாது, மிதிபடும். அது எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம். எங்கள் வீட்டில் இன்னொன்றும் இருந்தது. பிணம், கொலை, விஷம், தூக்கு என்று ஒரு சொல் இருந்தாலும் அந்தத் தாளில் திருநீறு மடிக்கக் கூடாது. பேரனுக்கு மொட்டை போட வந்த பெரியவர் ஒருவர், பொட்டலத்தைப் பிரித்துப் பிள்ளையின் நெற்றியில் பூசப் போன நேரத்தில், 'குளத்தில் பிணம் மிதந்தது' என்ற வரியைப் படித்துவிட்டாராம். திரும்பி வந்து, பொட்டலத்தைக் கடைப் பலகையில் வைத்துவிட்டுப் போனாராம். அப்பா அன்றைக்குப் போட்ட சட்டம் அது.

ஆகாத தாள்களைப் பொறுக்க, வேகமாகப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். வீட்டில் நான்தான் இருந்தேன். பத்து வயது. கெட்ட சொல் யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காக, அத்தனை கெட்ட சொல்லையும் ஒரு சிறு பெண்ணைத் தேடித் தேடிப் படிக்க வைத்தார்கள். இது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

பள்ளிப் பாடத்தில் நல்லவன் பிழைத்துக்கொள்வான், கெட்டவன் திருந்துவான். இந்தத் தாள்களில் யாரும் திருந்தவில்லை. அண்ணன் தம்பியைக் கிணற்றில் தள்ளிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். ரசம் நன்றாக இருக்கிறது என்றான். எனக்குப் பயமில்லை, குடைச்சல். அந்த ரசம் அவனுக்கு எப்படி இறங்கியது? இன்றைக்கும் ஒருவர் ரசத்தைப் புகழ்ந்தால் அவர் கையைப் பார்க்கிறேன்.

அக்காவுக்குப் பதினெட்டு. ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவள் கை ஒட்டிக்கொண்டே இருக்கும், காது என் பக்கம் இருக்கும்.

"ஏண்டி, கண்ணு இப்படி விரியுது? யாரு செத்தா?"

"ஒரு தாசில்தார்க்கா."

"எப்படி?"

"தெரியல. அடுத்த தாள்ல இருக்கும்."

"தேடு வெரசா. எனக்குச் சோலி கெடக்கு, நான் ஒட்டிருவேன்."

பாதி நேரம் ஒட்டியிருப்பாள். தலையில்லாத கதை, காலில்லாத கதை. மிச்சத்தை நாங்களே கட்டுவோம். அவள் கட்டும் முடிவுகள் என்னுடையதைவிடக் கொடூரமாக இருக்கும். "அந்தப் பொம்பளைய ஏன் விட்டு வைக்கணும்?" என்பாள், கத்தரிக்கோலைத் துடைத்தபடி. விலக்கிய தாளெல்லாம் பொரிகடலைக்காரருக்குப் போகும். கடலைக்குச் சாவுத் தீட்டு கிடையாது என்பது அப்பாவின் தீர்ப்பு.

அக்காவுக்கு வில்பட்டியில் மாப்பிள்ளை முடிவானது. கொடைக்கானலுக்குப் பக்கம்; உருளைக்கிழங்குத் தோட்டம், பூண்டுத் தோட்டம். மலையை நாங்கள் கீழிருந்து பார்த்ததோடு சரி. பரிசம் போட்ட அந்த வாரத்தில்தான் அந்தத் தாள் என் கையில் வந்தது.

மலையில் ஒரு வீடு. புதுப்பெண். புருஷன் வேலைக்குப் போய்விடுவான். அவள் அவனுக்கு வெந்நீர் போட்டு வைப்பாள். ஒருநாள் மேகம் முற்றத்தை மூடிவிட்டது. வழக்கத்துக்கு முன்னாலேயே வாசலில் அவன் குரல் கேட்கிறது. கதவிடுக்கில் பார்க்கிறாள். அங்கே தெரிவது மேகம்தான். குரல் மறுபடியும் அவள் பெயரைச் சொல்கிறது. தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். தாள் முடிந்தது.

வாசித்து நிறுத்தினேன். அக்காவின் பசைக் கை அந்தரத்தில் நின்றது.

"அடுத்தது?"

உதறினோம், கட்டு கட்டாகப் பிரித்தோம். இல்லை. அந்தப் பத்திரிகையின் பின்பாதி, காலையில் நான் பள்ளிக்கு ஓடும் அவசரத்தில் புரட்டாமலே 'சரி' என்று தள்ளிவிட்ட கட்டில் இருந்திருக்கிறது. மத்தியானத்துக்குள் வெட்டி, ஒட்டி, திருநீறு நிரப்பி, கடைக்குப் போய்விட்டது.

விசித்திரம் என்னவென்றால், கையிலிருந்த பக்கத்தில் அப்பாவின் சட்டப்படி ஒரு கெட்ட சொல்லும் கிடையாது. வெந்நீர், மேகம், தாழ்ப்பாள். இவற்றை எந்தச் சட்டத்தால் விலக்குவது? படித்தவற்றிலெல்லாம் உடம்பு சிலிர்த்தது அதற்கு மட்டும்தான்.

இரண்டு நாள் கழித்து அக்கா அம்மாவிடம் சொன்னாள்: "எனக்கு மலை வேணாம்மா."

"மாப்பிள்ளைய வேணாங்கிறியா?"

"மலை வேணாங்கிறேன்."

"மலைய யாருடி ஒனக்குக் கட்டி வைக்கிறா?" என்று அம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அக்கா சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவாள். காரணம் சொல்லவில்லை, சொன்னால் நான் அடிபடுவேன் என்று அவளுக்குத் தெரியும். அப்பா மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பேச்சை முறிக்கலாமா என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டார். தாளில் இருந்த மேகத்தை எங்கள் வீட்டுக்குள் விட்டவள் நான்.

பள்ளி விட்டதும் கடைக்கு ஓடினேன். அப்பா கோயில் பக்கம் போன நேரம் பார்த்துப் பொட்டலங்களைப் பிரித்தேன். பத்து, இருபது, நாற்பது. பலகையெல்லாம் சாம்பல் மேகம். நாற்பத்தொன்றோ என்னவோ, ஒன்றில் கிடைத்தது. எட்டில் ஒரு பங்குத் தாள். ஒரு முழு வரி மட்டும் இருந்தது: 'வெந்நீர் ஆறிப்போயிருந்தது.'

"என்னாடி இது, திருநீறு கொட்டிக் கெடக்கு?" அப்பா வாசலில் நின்றார். முதுகில் இரண்டு விழுந்தது. தாள் துண்டு என் சட்டைக்குள் இருந்தது.

வெந்நீர் ஏன் ஆறியது? யாரும் வரவில்லையா? வந்தவரோடு பேசிக்கொண்டே இருந்துவிட்டாளா? குளிக்க ஆள் இல்லாமல் போனதா? எப்படித் திருப்பினாலும் அது வேறொரு பக்கம் காட்டியது. அக்காவிடம் காட்டவில்லை. அதற்குப் பதில் ஒரு பொய் சொன்னேன்.

"அக்கா, அந்தப் பக்கத்த நான் பாத்துத்தான் விட்டேன். கெட்ட வார்த்தை ஒண்ணுகூட இல்ல. யாராச்சும் செத்திருந்தா எடுத்து வச்சிருப்பேன்ல?"

அவள் என்னையே பார்த்தாள். "ஆமால்ல" என்றாள். அன்று இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

கல்யாணம் நடந்தது. மறுவீட்டுச் சாப்பாட்டில், எல்லோர் முன்னாலும், அக்கா அத்தானைக் கேட்டாள்: "நீங்க வீட்டுக்கு வந்தா கூப்பிடுவீங்களா, கதவத் தட்டுவீங்களா?"

அவர் திகைத்து, "ரெண்டு தட்டு. அப்புறம் இருமுவேங்க, மேகத்துல இருமல் தானா வரும்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா அதைக் குறித்துக்கொண்டதை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

மறுநாள் வெள்ளனே, விடியும் முன்னே பஸ். வத்தலக்குண்டு போய் வண்டி மாறித்தான் மலையேற வேண்டும். அத்தான் மேலே மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலோரம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சட்டைக்குள்ளிருந்து அந்தத் தாள் துண்டை எடுத்து நீட்டினேன்.

"அன்னைக்கு நான் பாக்கலக்கா. பொய் சொன்னேன். இதுதான் கெடச்சுச்சு."

எழுத்துக் கூட்டிப் படித்தாள். உதடு அசைந்தது. வெந், நீர். ஓரத்தில் ஒட்டியிருந்த திருநீற்றை விரலால் தொட்டு என் நெற்றியில் இழுத்தாள்.

"நீ பாக்காமத்தான் அந்தக் கட்ட என் கையில குடுத்த. பக்கத்துல இருந்தவ நான், எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் 'ஆமால்ல'ன்ன?"

வண்டி உறுமியது. அவள் துண்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எனக்காகத்தான பொய் சொன்ன. வெந்நீர் ஆறுனா திருப்பிச் சுட வச்சுக்கிறேன். கதவத் தொறந்து பாத்துட்டு மிச்சத்த எழுதிப் போடுறேன். அழுவாம வீட்டுக்குப் போ."