பேன் பார்க்க வந்தவர்கள்

"பேன் பாத்துப் பாத்து யாருடி சங்கம் கட்டினா?" என்று அண்ணன் ஒருமுறை என்னைக் கேலி செய்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானைத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் டீச்சர். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பராவில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் இருந்தார். ஒல்லியானவர், நெற்றியில் கூடைக்கயிறு பதிந்த தழும்பு. ஞாயிறு பிற்பகலில் வாசலில் சாக்கை விரித்து, "பேன் பாக்க வாங்கடி" என்று லயத்துப் பெண்களைக் கூப்பிடுவார். ஒருத்தி பின்னால் ஒருத்தியாக உட்கார்ந்து தலை பார்ப்போம்.

"கூட்டம்னே கூப்பிடலாமே, அக்கா?" என்றேன்.

"கூட்டம்னா புருஷன்மாரு விடமாட்டானுங்க. அதோட டீச்சரம்மா, இப்படி உக்காந்தா யாரு மொகத்தையும் யாரும் பாக்க வேணாம். வாயில்லாதவளும் பேசுவா."

அப்படித்தான், வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் ஒழுகும் கூரையைப் பற்றிப் பேச்சு வந்தது. மறுநாள் ஒருத்தியும் கூடை தூக்கவில்லை. கூரைக்குப் புதுத் தகரம் வந்தது.

பிறகு, குடியுரிமை இல்லையென்று, இங்கேயே பிறந்த அக்காவை இந்தியாவுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. கண்டி ஸ்டேஷனில் கோச்சி ஏறும்போது என் தலையைத் தடவி, "ஞாயித்துக்கெழமைய விட்றாதம்மா" என்றார். 

அதன்பின் யாரும் கூடவில்லை. பூட்டிக் கிடந்த அந்த வாசலைத் தலைகுனிந்தே கடந்தோம். இந்தியாவில் இப்போது அவர் தலையை யார் பார்க்கிறார்களோ.

எனக்குப் பேன் இல்லை. ஆனாலும் நேற்று ஞாயிறு, அவர் வாசலில் சாக்கை விரித்தேன். சடையை அவிழ்த்துவிட்டு, பின்னால் ஒருத்திக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன்.