முதல் ஆளாக நின்றவர்

"ஆடி, வியாழன். அப்பா முதல் ஆளாக வந்துவிட்டார்." நாள்காட்டித் தாளின் பின்புறம் பென்சிலால் நான் எழுதிய குறிப்பு இது. ஆண்டு எழுதவில்லை. சியாம் ரயில் பாதைக்கு ஜப்பானியர் ரப்பர் தோட்டங்களில் ஆள் பிடித்தது 1943இல். அந்த ஆண்டின் பிற்பகுதியில் எங்கள் கெடா மாநிலத்தை அவர்கள் சியாமிடம் ஒப்படைத்தபோது, தொழிலாளர் வீடுகளான லயத்தில் எல்லோரும் அதையே பேசினார்கள். அப்போது அப்பா எங்களோடு இல்லை. ஆகவே 1943 ஆடி என்றே கொள்கிறேன்.

வேலையில்லாதவர்களை ஆண், பெண், வயது, எத்தனை மாதமாக வேலையில்லை என்று பிரித்துக் காட்டும் அட்டவணைகளை இப்போது அரசாங்கம் வெளியிடுகிறது. ஜப்பான் காலத்துக்கு அப்படி ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆனால் குருணுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில், விடிவதற்குள் ஆட்கள் கூடிப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், அந்த அட்டவணையே வரிசை கட்டி நின்றது.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ரப்பரை வாங்க ஆளில்லை. பால்வெட்டு நின்றது. மரங்களை வெட்டிய இடத்தில் மரவள்ளி நட்டார்கள். அதற்குக் குறைந்த கூலிக்குக் கிடைத்த பெண்களும், அரையாள் என்று பெயர்பெற்ற எங்களைப் போன்ற சிறுவர் சிறுமியரும் போதும். அம்மா பெண்கள் வரிசையிலும், பதின்மூன்று வயதில் நான் அரையாள் வரிசையிலும் நின்றோம். நல்ல பால்வெட்டுக்காரரான அப்பா வேலையில்லாத ஆண்களின் வரிசையில் நின்றார். பெரட்டுக்கு வராதவன் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் லயத்து வீடும் போகும்.

அந்த வரிசைக்கு ஒரு முறை உண்டு. நீண்ட நாள் வேலையில்லாதவன் முன்னால் நிற்பான். ஆண்களுக்கு வேலை வந்தால் அவனுக்கே முதலில் கிடைக்கும். இடையில் ஒருநாள் வேறு வேலைக்குப் போனாலும் திரும்பிவந்து கடைசியில்தான் நிற்க வேண்டும். இதில் ஏமாற்று கிடையாது. அப்பா நாள்தோறும் நின்று, முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேலைக்கோ நோயிலோ போக, முதல் இடத்துக்கு வந்திருந்தார். வீட்டில் அரிசி கண்டு வெகுநாளாகியிருந்தது. மரவள்ளிக் கிழங்கையே வேகவைத்து, அதன் தண்ணீரையும் குடித்தோம். அம்மாவின் கால்கள் வீங்கியிருந்தன.

அந்த வியாழன் மாலை, ஆட்களை வேலைக்குப் பிரித்தனுப்பும் மண்டோர் எங்கள் வாசலில் வந்து அப்பாவைக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் கெழங்கு புடுங்க ஒரு ஆளு கொறையுது. நீ வா. பொம்பளைங்க வரிசையில நில்லு, பொம்பளைக் கூலிதான்."

அடுத்த வீட்டுக்காரர் சிரித்தார். "அப்ப, சேலையும் நீங்களே குடுத்துடுங்கண்ணே."

அப்பாவும் சிரித்தார். பிறகு சொன்னார்: "இல்லண்ணே. இத்தினி மாசமா நின்னு இப்பத்தான் முன்னுக்கு வந்திருக்கேன். ஒருநாள் கெழங்குக்குப் போனா மறுபடி வாலுக்குப் போவணும்."

"வாலுக்குப் போனா என்னா? போய்த் தொலைங்களேன்" என்றார் அம்மா. "மெர்போக் பக்கம் ஜப்பான்காரன் ஆளுங்களை அள்ளிக்கிட்டுப் போறானாம்."

"அது ஊர் சுத்துற பயலுங்களை. நான் பெரட்டுல பேர் உள்ளவன்."

"யோசிச்சுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மண்டோர் போனார்.

வெள்ளிக்கிழமை, ஜப்பானியர் கொண்டுவந்த தோக்கியோ நேரப்படி பெரட்டு. எங்கள் ஊரில் அது விடியாத இருட்டு. களத்தின் ஓரத்தில் ஒரு லாரி நின்றது. ஜப்பானியச் சிப்பாய்கள் சிலரும் தமிழ் பேசும் ஒருவரும் இறங்கினார்கள்.

"வேலை இல்லாதவங்க யாரு? சியாமுல ரயில் ரோட்டு வேலை. மூணு மாசம், நல்ல சம்பளம்."

யாரும் நகரவில்லை. சிப்பாய்க்கு ஆளைத் தேடும் சிரமம் இல்லை. வரிசை ஒழுங்காகவே நின்றது. முன்னாலிருந்து எண்ணி லாரியில் ஏற்றிக்கொண்டே வந்தான். லாரி நிறைந்ததும் நிறுத்தினான். வாலில் நின்றவர்கள் தப்பினார்கள். அம்மா பெண்கள் வரிசையிலிருந்து ஓடி, "அவருக்கு வேலை இருக்கு, கெழங்கு வேலை இருக்கு, மண்டோரே, சொல்லுங்க" என்றார். மண்டோர் பெண்கள் வரிசைக்குப் பேர் கூப்பிடத் தொடங்கினார். லாரிமேலிருந்து அப்பா, "நீ வரிசைக்குப் போ, பேரை அடிச்சிருவாங்க" என்றார். அம்மா போனார். நானும் என் வரிசையில் நின்றேன். பெரட்டு முடிந்து கிழங்குக்கு நடந்தோம்.

மறுநாள் ஆண்கள் வரிசையில் யாருமில்லை. லாரிச் சத்தம் கேட்டால் காட்டுக்குள் ஓடினார்கள். பெயரை அடித்தாலும் பரவாயில்லை என்றாகிவிட்டது. தோட்டத்து வேலையெல்லாம் பெண்கள்மேல் விழுந்தது.

போருக்குப் பின் அந்த லாரியில் போனவர்களில் ஒருவர் திரும்பினார். அப்பா ஒரு முகாமில் வயிற்றுப்போக்கோடு படுத்திருந்ததைக் கண்டதாகச் சொன்னார். முகாமின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. அப்பா இறந்த நாளோ இடமோ எந்தப் பதிவிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

லாரி வருவது மண்டோருக்கு முந்தைய மாலையே தெரியும், அதனால்தான் வாசலுக்கு வந்து கூப்பிட்டார் என்று அம்மா சாகும்வரை சொன்னார். அன்று கிழங்குக்கு உண்மையிலேயே ஆள் குறைந்தது என்றும் சிலர் சொன்னார்கள். மண்டோர் போர் முடிவதற்குள் இறந்துவிட்டார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.