வெருளிக்கு வந்த அழைப்பு

ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் மாடிக் கட்டடத்து லிஃப்டுக்குள் ஏறும் நோர்வேக்காரர்கள் யாரும் எங்களைப் பார்ப்பதில்லை. கதவுக்கு மேலே மாறும் இலக்கங்களைப் பரீட்சை முடிவு பார்ப்பவர்கள் போலப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதே ஆட்களை ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பாதையில் கண்டால், தூரத்திலிருந்தே "ஹை ஹை" என்று பல் தெரியச் சிரிப்பார்கள். வந்த புதிதில், நொண்டிக்கொண்டே அப்படிச் சிரித்த ஒருத்தியை நம்பி, மறுநாள் லிஃப்டில் "கால் வலி சுகமா?" என்று கேட்டுவிட்டேன். அவள் அடுத்த மாடியிலேயே இறங்கி, மிச்சத்தைப் படியால் ஏறிப் போனாள். எந்த இடத்தில் சிரிக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்பதை இங்கே யாரும் சொல்லித் தருவதில்லை. நகர எல்லையில் எங்களுக்கு ஒரு துண்டுத் தோட்டம் கிடைத்தபோது, அது காடா லிஃப்டா என்பதுதான் என் முதல் குழப்பம்.

அதைப் "பார்செல்" என்பார்கள். பெரிய வயலொன்றைப் பாய் விரித்த மாதிரிப் பிரித்து, ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். மகள் பாலர் பாடசாலைக்குப் போன காலத்தில் பெயர் கொடுத்தோம். அவள் பல்கலைக்கழகக் கனவு காணும் வயதில் கிடைத்தது. அதற்குள் என் கணவர் துப்புரவு வேலையில் முதுகைத் தொலைத்து, வீட்டோடு இருந்து, பேச்சும் குறைந்து, சோபாவின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டிருந்தார். மே மாதத்தில் அந்த ஈர மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்த நாளிலிருந்து விடிய எழும்பத் தொடங்கினார். உருளைக்கிழங்கு வைத்தார், வெங்காயம் வைத்தார், போஞ்சிக்குத் தடி நட்டார். ஜூனில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "பொழுது படட்டும், வாறன்" என்பார். ஜூனில் இங்கே பொழுது எங்கே படுகிறது? சோறு ஆறிக்கொண்டிருக்கும். எனக்குக் கோபம் வரும், ஆனால் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்தத் துண்டு நிலம் கைவிட்டுப் போனால் இவரைத் திரும்பச் சோபாவுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஓகஸ்டில் போஞ்சி கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அங்கேதான் பிரச்சினை. பாதையால் போகிறவர்கள் நின்று, "எவ்வளவு அழகு!" என்று சொல்லத் தொடங்கினார்கள். எனக்குக் கண்ணூறுப் பயம் பிடித்தது. ஊரில், நீர்வேலியில், மாமாவின் கத்தரித் தோட்டத்தை ஒரு மனுசி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன காய்ப்படியப்பா" என்றவள்தான். அந்தக் கிழமையே செடியெல்லாம் வாடி விழுந்தது. அது ஏதோ கிருமி என்று மகள் விளக்குகிறாள். இருக்கலாம். ஆனால் அந்த மனுசி வருமுன் அந்தக் கிருமி எங்கே போயிருந்தது?

இவர் கண்ணூறுக்கு ஒரு வெருளிப் பொம்மை கட்டினார். வைக்கோல் அடைத்த காற்சட்டை, தலையணைத் தலை, பழைய கண்ணாடி, வேலைக்குப் போட்ட நீல ஜாக்கெட். அதே ஜாக்கெட் இவரிடம் இரண்டு இருந்தன; ஒன்றை வெருளிக்குக் கொடுத்துவிட்டு மற்றதை இவர் போட்டுக்கொண்டார். வெருளியைக் கொண்டுபோய்ப் பாதையோரம், பாதையைப் பார்த்தபடி நட்டோம்.

"அம்மா, இது பின்லி," என்றாள் மகள். வெட்கக்கேடு என்று அர்த்தம். மானம் போகிற விஷயங்களை அவள் நோர்வேஜிய மொழியில்தான் சொல்வாள். "குருவிக்கெண்டா நடுவிலையெல்லே வைக்கோணும். இது ஏன் றோட்டைப் பாக்குது?"

"குருவி கண் வைக்கிறேல்லைப் பிள்ளை. சனம்தான் வைக்கும்."

வெருளி ஊரில் செய்யாத வேலையை இங்கே செய்தது. ஒருவர் தங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால் நோர்வேக்காரர்களால் தாங்க முடியாது. எல்லோரும் நிலத்தைப் பார்த்தபடி எங்கள் தோட்டத்தைக் கடந்தார்கள். போஞ்சியை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தோட்டம் லிஃப்டாக மாறியது என்று நிம்மதியாக இருந்தேன்.

செப்ரெம்பரில் தோட்டச் சங்கத் தலைவி இங்கூன் வந்தாள். கை நீட்டிக் காட்டுவது மரியாதையில்லை என்று, வெருளி நின்ற பக்கம் திரும்பாமலே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அங்கே நிற்பவர் இரவிலும் இங்கேதானா?"

வேடிக்கையாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "ஆம், இரவும் பகலும். அவருடைய வேலையே அதுதான்."

"குளிராதா?"

"உள்ளே வைக்கோல் அடைத்திருக்கிறோம்."

அவள் முகம் வெளிறியது. "போவதற்கு அவருக்கு வேறு இடமே இல்லையா?"

"எங்கே போவது? இங்கேயே பிறந்தவர்."

இங்கூன் எங்கள் தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, தோட்டத்தில் ஆட்களைத் தங்கவைப்பது விதிக்கு மாறு என்றும், நிலத்தைத் திருப்பி எடுக்கவேண்டி வரும் என்றும் சொன்னாள். அப்போதுதான் விளங்கி, "ஐயோ, அது பொம்மை" என்றேன். அவள் மூச்சு விட்டாள், சிரித்தாள், எழுந்துபோய் நீல ஜாக்கெட்டின் தோளைத் தட்டி, "அசல் மனிதர் போலவே செய்திருக்கிறீர்கள்" என்றாள்.

"தக்," என்று நன்றி சொன்னார், அவள் தட்டிய ஜாக்கெட்டுக்குள் மண்வெட்டியில் சாய்ந்து நின்ற என் கணவர்.

பயந்து அவள் அலறிய சத்தத்தில் பக்கத்துத் துண்டிலிருந்து தூர்ஸ்தைன் ஓடி வந்தார். லீக்ஸ் வளர்க்கும் வயதானவர், மனைவியை இழந்து தனியாக இருப்பவர், எங்களோடு ஒரு வார்த்தை பேசாதவர். முறையிட்டவர் அவர்தான். முறைப்பாடுகூட இல்லை, கவலை. நாங்கள் வருமுன் காலையில் வந்து அந்த மனிதரோடு கதைப்பாராம். இங்கே தன்னை நேராகப் பார்த்தவர் அவர் ஒருவர்தானாம். குளிர் வருகிறதே, அவருக்கு வீடு பார்த்துக் கொடுக்கக் கூடாதா என்றுதான் சங்கத்தில் கேட்டிருக்கிறார்.

"அவர் பதில் சொல்லவே இல்லையே?" என்றேன்.

"மொழி தெரியாதாக்கும் என்று மெதுவாகப் பேசினேன்," என்றார். அவர் காது சிவந்து போயிருந்தது. அதன்பின் பல நாள் எங்கள் பக்கமே அவர் திரும்பவில்லை.

நிலம் தப்பியது. ஒக்ரோபரில், முதல் பனிக்கு முன் தோட்டத்தில் எதுவும் நிற்கக்கூடாது என்பது விதி. போஞ்சித் தடிகளைப் பிடுங்கினோம். வெருளியையும் பிடுங்கி வைக்கோலை உதறப் போனபோது தூர்ஸ்தைன் வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மே மாதம் வரை அவர் என் வீட்டில் இருக்கட்டுமா? அவரிடம் நான் நிறையச் சொல்லிவிட்டேன்."

இவர் தலையாட்டினார். தூர்ஸ்தைன் வெருளியைத் தன் காரின் முன் இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு, மடங்காத கையை யன்னலால் வெளியே விட்டார். எங்களுக்கு ஒரு கட்டு லீக்ஸ் தந்தார்.

கார் நகர்ந்தது. அந்த ஜாக்கெட்டோடு இவர் எத்தனை வருடம் இந்த நகரத்தின் படிகளைத் துடைத்தார். ஒரு நோர்வேக்காரரும் கோப்பி குடிக்க வா என்று வீட்டுக்குள் கூப்பிட்டதில்லை. இன்று ஜாக்கெட் போகிறது. சிரிப்புத்தான் வந்தது எனக்கு, லீக்ஸ் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அவன் கெட்டிக்காரன்," என்றார் இவர். "வாயே திறக்கேல்லை."

வளைவில் கார் திரும்பும்போது வெருளியின் கை ஆடியது. வைக்கோல் தெருவில் சிந்தியது. அதே நீல ஜாக்கெட்டில் நின்ற இவர், கையை உயர்த்தித் திரும்ப ஆட்டினார்.