இதுக்கு ஒரு டீ

கோரிப்பாளையத்தில் ஜுல்பிகர் அண்ணன் டீக்கடைக்கு முதல்முதலாக வந்தபோது முனீஸ்வரி, "இதுக்கு ஒரு டீ" என்றாள். அண்ணன் குனிந்து பார்த்தார். பெஞ்சுக்கு அடியில் தெருநாய் படுத்திருந்தது. டீயை நன்றாக ஆற்றி, சிரட்டையில் அதற்கு ஊற்றினார். அது குடித்து முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அழகர்கோவில் பக்கம் ஒரு ஆசிரமத்தில் ஒன்பது வருடம் இருந்தவள். அங்கே 'நான்' என்று சொன்னால் நாக்கு அழுகிவிடுமாம், குரு சொல்லியிருந்தார். இதுக்குப் பசிக்குது, இது குளிச்சிருச்சு என்றுதான் பேச வேண்டும். உடம்பே பொய் என்ற அந்த மகானுக்கு ஒருநாள் கடைவாய்ப்பல் வலித்தது. ஆசிரமமே வேனில் ஏறி ஆஸ்பத்திரிக்கு ஓடியது, கேட்டைப் பூட்ட மறந்துவிட்டார்கள். இவள் பஸ் ஏறிவிட்டாள்.

எதிர்த்த தையல்கடையில் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் வேலை கிடைத்தது. கெட்டிக்காரி, வாயைத் திறந்தால்தான் வம்பு. "இது தனியாத்தான் இருக்கும்" என்று வீடு கேட்டுப் போனால், நாய் வளர்க்கக் கூடாது என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டு மாதத்தில் தெருநாய்தான் கொழுத்தது. அந்தக் குரு கையில் கிடைத்திருந்தால், பெஞ்சில் உட்கார்ந்து தினமும் இதைப் பார்த்த நானே மிச்சப் பல்லையும் பிடுங்கியிருப்பேன்.

போன வாரம் கேள்விப்பட்டு இரண்டு சீடர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். தினமும் இங்கே டீ குடிக்கிறதாமே, அதைக் கூட்டிப்போக இதுகள் வந்திருக்கின்றன என்றார்கள். அண்ணனுக்கு மனசே இல்லை. நாயின் கழுத்தில் கயிற்றைக் கட்டிக் கொடுத்து, சீனி கம்மியாகப் போடச் சொன்னார். குருவின் கோபத்தில் அவள் இந்த உருவம் எடுத்துவிட்டாளோ என்று ஒரு சீடர் நாயைக் கும்பிட்டே விட்டார். வேனில் ஏற்ற இழுத்தார்கள். நாய் ஊளையிட்டது.

தையல்கடைக் கதவுக்குப் பின்னால் முனீஸ்வரி ஒளிந்திருந்தாள். பேசாமல் இருந்திருந்தால் தப்பியிருப்பாள். வெளியே வந்தாள்.

"அதை விடுங்க. நீங்க தேடி வந்தது நான்தான். நான் வரமாட்டேன்."

சீடர்கள் அவள் வாயையே பார்த்தார்கள். அவளுக்கும் பயம், நாக்கை நீட்டி, கண்ணை இறக்கிப் பார்த்துக்கொண்டாள். சிவப்பாக, நன்றாகவே இருந்தது. பெஞ்சிலிருந்த நாங்கள் நாலு பேரும் எழுந்து நின்றோம். வேன் வந்த வழியே போனது.

நாயின் கழுத்துக் கயிற்றை அவளே அவிழ்த்தாள்.

"அண்ணே, எனக்கு ஒரு டீ," என்றாள். "அதுக்கு ஒண்ணு."