முகத்துவாரம் திறந்த அன்று

அக்கா இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. முதல் நினைவு நாளுக்கு ஒரு மலர் அச்சிடுவது என்று முடிவானதும், "நீயே எழுது. அவ முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்சவ நீதானே" என்று அம்மா என் தலையில் கட்டிவிட்டார். உண்மைதான். ஆனால் அப்படித் திரிந்தவள் ஒரு நாள் பிடியை விட்டாள். அதையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன். படத்தைப் பார்த்துவிட்டுப் பந்திக்கு எழுந்துவிடும் உறவினர்கள் தயவுசெய்து கடைசிவரை படிக்க வேண்டும்.

அக்கா சங்கரன்கோவில் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பா தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்தபோது அக்காவுக்கு ஏழு வயது. நான் பிறந்தது அதற்கு ஐந்து வருடம் கழித்து, சென்னையில். கடை அங்கே இருந்தாலும் குடியிருப்பு அடையாற்றில்தான். எங்கள் வீட்டில் முதலில் பி.ஏ. தேறியவர் அக்கா. இரண்டு வரன்கள் வந்து, வெற்றிலை பாக்கு மாற்றும் தறுவாயில் தட்டிப்போயின. மூன்றாவதைப் பற்றிப் பேச்செடுத்த அன்று, "எனக்கு வேலை கிடைச்சிருக்குப்பா" என்று ஒரு கடிதத்தை அப்பாவின் முன்னால் வைத்தார். அது அறுபதுகளின் கடைசி. பெண் பிள்ளையை வேலைக்கு அனுப்பியதற்காக அப்பாவைக் கடையிலேயே வந்து கேட்டவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இந்த மலரையும் வாங்கியிருப்பார்கள். இருக்கட்டும்.

வேலை பல்கலைக்கழக அலுவலகத்தில், வெளிநாட்டிலிருந்து பாடம் நடத்தவும் ஆராய்ச்சி செய்யவும் வருகிறவர்களுக்கான பிரிவில். ஒருவர் இங்கே வந்து வேலை பார்க்க வேண்டுமானால் பல்கலைக்கழகம் அவருக்காகக் கடிதம் கொடுக்க வேண்டும். இவர் எங்களிடம் வேலை செய்கிறார், இவர் தங்குவதற்கும் நடப்பதற்கும் ஊர் திரும்புவதற்கும் நாங்கள் பொறுப்பு என்று அதில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் விசா கொடுப்பார்கள், வருடா வருடம் நீட்டிப்பார்கள். அந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்து, பதிவாளரிடம் கையெழுத்து வாங்கி, தில்லிக்கு அனுப்புவது அக்காவின் பொறுப்பு. திருப்பதியைத் தாண்டிப் போகாதவர், இரவுச் சாப்பாட்டில் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "இன்னைக்கு வார்சாவுக்கு ஒண்ணு, கியோட்டோவுக்கு ரெண்டு" என்பார். அந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லும்போது அவர் கண் எங்கோ போய்விடும். ரசம் ஆறிப்போகும். அம்மா அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

டென்மார்க்கிலிருந்து இங்கெர் என்ற அம்மையார் வந்தது அப்படி ஒரு கடிதத்தில்தான். விலங்கியல் துறையில் வாரத்துக்கு இரண்டு வகுப்பு எடுப்பார். மற்ற நேரமெல்லாம் அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் நிற்பார். வெயில் காலத்தில் அங்கே மணல்மேடு எழும்பி ஆற்றை அடைத்துவிடும். உள்ளே தண்ணீர் குளமாகத் தேங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு பெருகி, ஒரு நாள் மேட்டை உடைத்துக்கொண்டு கடலில் கலக்கும். உடனே கடலின் உப்பு உள்ளே வரும். அந்த உப்பு வந்ததும் சேற்றில் இருக்கும் புழுவும் நண்டும் என்ன ஆகின்றன என்பதுதான் முனைவர் பட்டத்துக்கான அவருடைய ஆராய்ச்சி. முதல் இரண்டு வருடமும் மழை சரியில்லை. மேடு லேசாகக் கரைந்ததே தவிர உடையவில்லை. மூன்றாவது வருட மழையைத்தான் அவர் மலைபோல் நம்பியிருந்தார். அதையும் தவறவிட்டால் மூன்று வருட உழைப்பும் வீண், பட்டமும் இல்லை.

அந்த வருடம் விசா நீட்டிப்புக் கடிதம் முழுக்க முழுக்க அக்காவின் கையில் வந்தது. மேலே இருந்தவர் விடுப்பில் போயிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை பதிவாளரின் கையெழுத்தை வாங்கி, மறுநாள் காலையில் தபாலில் சேர்க்கலாம் என்று வீட்டுக்கு எடுத்துவந்து சாமி அலமாரியில் வைத்தார். விடியற்காலையில் பார்த்தால் கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள்.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்கே?"

"நல்ல காரியமாப் போற காயிதம். ஒரு பொட்டு மஞ்சள் வைக்காமலா அனுப்புவாங்க?" என்றார் அம்மா.

கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிற மாதிரி, குளிரக் குளிரக் குழைத்து வைத்திருந்தார். பதிவாளர் வெளியூர் போய்விட்டார், மறுகையெழுத்துக்கு வழியில்லை, அவர் வரும்வரை காத்திருக்க நாளும் இல்லை. மூலையில் கொஞ்சம் மஞ்சள்தானே என்று அக்காவும் மடித்து உறையில் போட்டு அனுப்பிவிட்டார். மடித்ததில் ஈர மஞ்சள் கையெழுத்தின் மேலும் முத்திரையின் மேலும் ஒட்டிக்கொண்டது. கையெழுத்து இருக்கும் இடத்தில் ஏதோ தடவி அழித்துத் திருத்தியது போலிருக்கிறது, ஏற்பதற்கில்லை என்று மூன்று வாரம் கழித்துக் கடிதம் திரும்பி வந்தது. புதிதாக எழுதி அனுப்பி, பதில் வருவதற்குள் விசா முடிந்துவிடும். இங்கெர் அம்மையார் ஐப்பசி பிறப்பதற்குள் ஊர் திரும்பியாக வேண்டும்.

பதிவாளர் அறையில் நடந்ததை அக்காவின் சிநேகிதி ஒருவர் பின்னால் எனக்குச் சொன்னார்.

"இதை யாரும்மா பூசினது?"

"நான்தான் சார்."

அக்காவை ஒரு வருடத்துக்குப் பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். அம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது. அம்மா, நீங்கள் இந்த மலரைப் படிக்கும்போது அழக் கூடாது. அக்காவுக்கு அது பிடிக்காது.

அன்று மாலையே அக்கா இங்கெர் அம்மையாரின் அறைக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். தப்பு என்னுடையது என்று அக்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மையார் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா, "உங்களுக்குப் பதிலாக நான் அளக்கட்டுமா?" என்று கேட்டார். அம்மையார் அடுக்குவதை நிறுத்தினார். அடுத்த பத்து நாட்களும் விடியற்காலையில் இருவரும் முகத்துவாரத்தில் நின்றார்கள். தண்ணீரின் உயரத்தை அளவுக் கம்பத்தில் படிப்பது, பாட்டிலில் தண்ணீர் எடுத்துக் கண்ணாடி மிதவையை விட்டு உப்பைப் பார்ப்பது, குறிக்கப்பட்ட இடத்தில் சேற்றை அள்ளிச் சல்லடையில் கழுவிப் புழுக்களை எண்ணுவது, எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டு அவர் விமானம் ஏறினார்.

அதன் பிறகு வந்த காலைகளை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அரைத்தூக்கத்தில் அக்காவின் பின்னால் நடப்பேன். மணல் ஈரமாக, குளிர்ச்சியாக இருக்கும். தேங்கிய தண்ணீர் அசையாமல் கிடக்கும். அதில் வானம் அப்படியே இருக்கும், எது மேல் எது கீழ் என்று தெரியாது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்குவார். மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல் சத்தம் போடும், இந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அக்கா வானத்துக்குள் நின்று எதையோ எண்ணுகிற மாதிரி எனக்குத் தோன்றும். எண்ணை அவர் மெதுவாகச் சொல்வார், நான் எழுதுவேன். சில நாள் அந்த எண்கள் என் தூக்கத்திலும் வரும். வெள்ளைக்காரியின் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆத்தங்கரையில் அலைகிறாள் என்று மாம்பலம் வரை பேச்சு. அக்கா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

குப்பத்தில் தேசிங்கு என்று ஒரு மீனவர், வலையை உதறிக்கொண்டே கூப்பிடுவார். "இன்னா உப்பக்கா, இன்னிக்கு எவ்ளோ கீது?"

"நேத்தைக்கு விடக் கம்மிண்ணே. மேடு எப்ப உடையும்?"

"அது இன்னா நம்மள கேட்டுகினா ஒடையும்? மானம் இருட்டிகினு வர்து, இன்னும் நாலு நாளு பாரு."

நாலாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. வெளியே மழை பிய்த்து உதறியது. நோட்டையும் அளக்கும் சாமான்கள் இருந்த பெட்டியையும் என்னிடம் கொடுத்து, "நீ போய்ட்டு வா பாப்பா. கம்பத்துல உயரத்தை மட்டுமாவது பார்த்துட்டு வந்துரு" என்றார். எனக்குப் பத்தொன்பது வயது. நான் கிளம்பினேன். பஸ் நிறுத்தம் வரை போனேன். கரை வழுக்கும், தனியாக இறங்க வேண்டும் என்று நினைத்ததும் கால் நகரவில்லை. நிழற்குடையில் அரை மணி நேரம் நின்றேன். முந்தின நாள் எண்ணையே, கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி, நோட்டில் எழுதினேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா போர்வைக்குள்ளிருந்து கேட்டார்.

"தண்ணி எப்படி இருந்துச்சு?"

"நேத்து மாதிரியேதான்க்கா."

மறுநாள் காய்ச்சல் விட்டும் விடாமலும் அக்காவே போனார். மேடு உடைந்திருந்தது. ஆறும் கடலும் ஒன்றாக இருந்தன. குப்பத்துக்குள் வெள்ளம் புகுந்து எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதால் கேட்க ஒருவரும் இல்லை. "ராத்திரி உடைஞ்சிருக்கு பாப்பா" என்று சொல்லிவிட்டு அக்கா தண்ணீரில் நின்றபடியே அழுதார். நானும் அழுதேன், வேறு காரணத்துக்காக. ராத்திரிதான் உடைந்தது என்று நம்பிய அக்கா பிறகு யாரிடமும் அதைக் கேட்கவில்லை. தை பிறக்கும் வரை அளந்து, நோட்டைப் பதிவுத் தபாலில் டென்மார்க்குக்கு அனுப்பினார்.

ஆவணியில் இங்கெர் அம்மையாரிடமிருந்து கடிதம் வந்தது. தான் ஊரில் இல்லாதபோது எடுத்த எண்களை எப்படி நம்புவது என்று தேர்வாளர்கள் கேட்கிறார்களாம். அளந்தவருக்காக யாராவது பொறுப்பேற்றுக் கடிதம் தர வேண்டுமாம். எழுத்தரின் காலை நடைக்கெல்லாம் பல்கலைக்கழகம் பொறுப்பேற்க முடியாது என்று பதிவாளர் கைவிரித்துவிட்டார். அக்கா சிரித்தார். "எத்தனை பேருக்கு ஜாமீன் அடிச்சுக் கொடுத்திருக்கேன். எனக்கு நானே கொடுத்துக்க வேண்டியதுதான்."

ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டச்சு இயந்திரத்தை இரவல் வாங்கிக் கூடத்தில் வைத்து அடிக்க ஆரம்பித்தார். தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இதில் உள்ள ஒவ்வோர் எண்ணும் நானோ என் தங்கையோ நேரில் கண்டது என்று இருந்தது.

"அக்கா, அந்த மழை நாள்ல நான் போகல."

அக்காவின் கை நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் போனேன். குப்பத்தில் தேசிங்கு அண்ணனிடம், மேடு உடைந்தது எப்போது என்று கேட்டார்.

"நீ ஜொரத்துல படுத்துகினு இருந்தியே, அன்னிக்குத்தான். பொழுது விடிய சொல்லோ ஒடைச்சிகினு பூட்ச்சு. நான் அந்த மேட்டாண்டதான் நின்னுகினு இருந்தேன். தங்கச்சியாவது வரும்னு பார்த்தேன். யாரும் வர்ல."

மூன்று வருடம் ஒருவர் காத்திருந்த காலை அது. நான் பஸ் நிறுத்தத்தில் நின்ற அதே நேரம். அக்கா வந்த வழியே திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து காகிதத்தை உருவிவிட்டுப் புதியது மாட்டினார்.

"என் பேரைப் போட்டு எழுதுக்கா" என்றேன்.

"கையெழுத்துப் போடுறது நான். அப்போ தப்பும் என்னுதுதான். போய்க் காபி போடு."

அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. 'முகத்துவாரம் திறந்த அன்று எனக்குக் காய்ச்சல். அன்று அளக்கவில்லை. நோட்டில் உள்ள அன்றைய எண் உண்மையானதல்ல, அதை நீக்கிவிடவும். திறந்த நேரம் ஒரு மீனவர் கண்டு சொன்னது. மற்றவற்றுக்கு நான் பொறுப்பு.' கீழே அக்காவின் கையெழுத்து.

இங்கெர் அம்மையாருக்குப் பட்டம் கிடைத்தது. ஆனால் முக்கியமான அந்த ஒரு நாளின் இடம் அவருடைய ஆய்வேட்டில் காலியாகவே இருக்கிறது. அவர் அக்காவுக்கு எழுதிய பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதன்பின் வந்த கடிதங்கள் சுருங்கிச் சுருங்கி, புத்தாண்டு வாழ்த்தட்டையோடு நின்றன. அக்கா ஒரு தரம்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

போன வருடம் மஞ்சள் காமாலை முற்றி, பதினெட்டே நாளில் எங்களை விட்டுப் போனார். நாற்பதைக்கூடத் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் முறை வைத்து உடனிருந்த அலுவலகத் தோழிகளுக்கும், ரத்தம் கொடுத்த பக்கத்து வீட்டுச் சகோதரர்களுக்கும், கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்த தியாகராய நகர் வியாபாரப் பெருமக்களுக்கும், மழையில் நனைந்துகொண்டே சுடுகாடு வரை வந்த தேசிங்கு அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரில் ஒரு பிரதி டென்மார்க்குக்கும் போகிறது. இங்கெர் அம்மையாருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அன்று போகாதது அக்கா அல்ல, நான் என்று அதில் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது.